உண்டிச்சாலையும் உணவுப் பட்டியலும்

ஆராய்தற்குரிய அரும்பொருள்கள் பல இருக்க, உண்டிச்சாலைச் சுவரில் தொங்கும் உணவுப் பட்டியலைக் குறித்து ஒருவன் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன், சங்கநூற் பொருளையும் காப்பிய நயத்தையும் விடுத்து, புட்டும் ஆப்பமும் நிற்கும் வரிசையை ஆராய முற்படுவது ஏன் என்று ஆசிரியப் பெருமக்களும் வினவலாம். அவர்கட்கு யான் பணிவுடன் கூறும் விடை இதுவே. நம்முள் நூல்களை நாள்தோறும் திறப்போர் சிலர். உணவுப் பட்டியலை நாள்தோறும் படிப்போரோ பலர். பலர் நாள்தோறும் படிக்கும் ஒன்று, அது பலகையில் எழுதிய பத்து வரியேயாயினும், ஆராய்ச்சிக்கு உரியதேயாம்.

மேலும், இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. என் இல்லத்திலிருந்து எழுந்தது. பத்மநாபபுரம் கோட்டையினின்றும் தக்கலைக்குச் செல்லும் வழியில் என் தந்தையார் ஒரு சிறு சாப்பாட்டுக் கடை நடத்தி வருகின்றார். அக்கடையின் வருவாயிலேயே யான் இக்கல்லூரியிற் பயில்கின்றேன். கடந்த ஓராண்டாக அக்கடையின் பட்டியலைப் பற்றி என் தந்தையாருக்கும் தமையனாருக்கும் இடையே ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது. பட்டியலை ஒருபோதும் மாற்றலாகாது என்பது தந்தையார் கொள்கை. திங்கள்தோறும் மாற்றவேண்டும் என்பது தமையனார் கொள்கை. இருவருக்கும் இடையே அமர்ந்து உண்டவன் என்னும் உரிமையால், யான் கண்டவற்றையும் கருதியவற்றையும் இங்கு எடுத்துரைக்கத் துணிகின்றேன்.

முதலில் எங்கள் ஊரின் பழைய உண்டிச்சாலையை நினைவிற் கொள்வோம். திருவிதாங்கூர் அரசின் தலைநகராக 1795-ஆம் ஆண்டுவரை விளங்கியது பத்மநாபபுரம். அங்குள்ள மர அரண்மனையைக் காணச் செல்வோர் எவரும் ஊட்டுப்புரையைக் காணாது மீளார். இரண்டு அடுக்குகளாக நீண்டு கிடக்கும் அக்கூடத்தில் ஒவ்வோர் அடுக்கிலும் ஏறத்தாழ ஆயிரம்பேர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம் என்பர். அங்கே ஊறுகாய் இட்டு வைத்த பெரிய பரணிகளை இன்றும் காணலாம். மன்னர் அளித்த அறச்சோறு அது. அங்கே பட்டியல் இல்லை. இன்னது வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. இலையில் விழுந்தது எதுவோ அதுவே உணவு. ஆகவே, பட்டியலை எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்னும் வினா ஊட்டுப்புரையில் எழவே வழியில்லை. விலை கொடுத்து உண்போன் வந்த பிறகே அவ்வினாவும் வந்தது. விலை கொடுப்போனுக்குத் தெரிவு உண்டு. தெரிவு உள்ள இடத்தில் பட்டியல் உண்டு. பட்டியல் உள்ள இடத்தில் அது பழையதாகும் அச்சமும் உண்டு.

மாற்றம் வேண்டும் என்பார் கட்சியை முதலிற் கேட்போம். அக்கட்சிக்கு நம் இலக்கியமே சான்று தருகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாற் பெருவளத்தானிடம் சென்ற பொருநன் ஒருவன் கொழுவிய இறைச்சியை இரவும் பகலும் இடையறாது தின்கின்றான். கொல்லையை உழுத கொழுப்போல அவன் பற்கள் தேய்ந்து மழுங்குகின்றன. ஈற்றில் அவ்வுணவையே வெறுத்து, ஊருக்கு மீள விடைகேட்கின்றான். வறுமையால் வாடி வந்தவனுக்கே, அதுவும் அரசன் அளித்த விருந்தே, சின்னாளில் வெறுப்பைத் தந்தது எனின், நம்மைப் போன்றார்க்கு நாள்தோறும் ஒரே கறி வெறுப்பைத் தருவதில் வியப்பென்ன? நம் கல்லூரியில் விவிலியம் பயில்வோர் எண்ணாகமத்தின் பதினோராம் அதிகாரத்தையும் நினைவு கூர்வர். வானினின்று பொழிந்த மன்னாவை உண்ட இசரவேல் மக்கள், எகிப்து நாட்டில் தாம் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் எண்ணி அழுதனர். அடிமையாய் இருந்த நாட்டின் கறி, விடுதலை பெற்ற வழியின் தெய்வ உணவைக் காட்டிலும் இனிதாய்த் தோன்றிற்று. அவர்கள் செய்தது நன்றி கொன்ற செயலே. எனினும் மனித நாவின் இயல்பு அதனால் விளங்குகின்றது. ஆதலின் மாற்றத்தை விரும்புவது வெறும் நாச்சபலம் என்று தள்ளிவிடுதற்கு இல்லை.

இனி, மாற்றம் வேண்டாம் என்பார் கட்சியைக் கேட்போம். அதற்கும் சான்றுகள் குறைவில்லை. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலின் முன் இருட்டுக் கடை என்று ஒரு கடை உண்டு. மாலைப் பொழுதில் திறந்து கோதுமை அல்வா விற்பதே அதன் தொழில். அதற்குப் பட்டியல் எதற்கு? ஒரே பண்டம், தலைமுறை தலைமுறையாக. அதனை வாங்க நாள்தோறும் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் மெக்டொனால்டு என்னும் பெயருடைய சகோதரர் இருவர் ஓர் உண்டிச்சாலை நடத்தினர். 1948-ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் கடையைச் சிலகாலம் மூடினர். பட்டியலில் இருந்த பண்டங்களுட் பெரும்பாலானவற்றை நீக்கி, ஒன்பதே பண்டங்களுடன் மறுபடியும் திறந்தனர். பண்டங்கள் குறைந்தமையால் சமைப்பது விரைவாயிற்று, வீணாவது சுருங்கிற்று, விலையும் தாழ்ந்தது. இன்று உலகமெங்கும் கிளைகள் பரப்பியுள்ள பெருநிறுவனத்தின் தொடக்கம் அதுவேயாம். அவர்கள் செய்ததும் மாற்றமே. ஆனால் அது கூட்டும் மாற்றமன்று, குறைக்கும் மாற்றம் என்பதைக் கருதுக.

இவ்விரு கட்சிகளும் என் தந்தையார் கடையில் எதிர்ப்பட்ட கதையை இனிச் சொல்லுகின்றேன்.

தந்தையாரின் பட்டியல் ஒரு மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் எழுதப்பட்டது. காலையில் புட்டும் பயறும், ஆப்பம், இட்டிலி, தோசை. நண்பகலில் சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும். பிற்பகலில் ரசவடையும் தேநீரும். மாலையில் கஞ்சியும் காணத் துவையலும், மரச்சீனிக் கிழங்கும் மீனும். யான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது இப்பலகையிலேதான். என் பத்தொன்பது ஆண்டுகளில் அதன் பெயர்கள் ஒருமுறையும் மாறவில்லை. விலை எண்கள் மட்டும் பன்முறை அழிக்கப்பட்டு மேலே மேலே எழுதப்பட்டமையால், அவ்விடத்தில் வண்ணம் தடித்துக் காணும்.

பெருநகர் ஒன்றில் உண்டிச்சாலைப் பணியில் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய தமையனார், இப்பலகையைக் கண்டு வருந்தினார். அரண்மனையைக் காண அயலூரார் நாள்தோறும் வருகின்றனர். அவர்கள் விரும்பும் பண்டம் ஒன்றும் இதில் இல்லை என்றார். கைப்பேசி வழியாக உணவு வரவழைப்போர் நீண்ட பட்டியலையே நாடுவர் என்றார். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது பலர் கைபடும் அட்டைகளுக்கு அஞ்சி, கைப்பேசியாற் படிக்கும் சதுரக் குறியை மேசைமேல் ஒட்டும் வழக்கம் எங்கும் பரவிற்று. ஆதலால் பட்டியலை மாற்ற இனி அச்சுக்கூலியும் வேண்டா என்றார். அவர் கூறியவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்து, "மக்களே, உன் விருப்பப்படி செய்து பார்" என்றார். பலகை அடுக்களைக்குப் பின்னே சென்றது. நாற்பதுக்கு மேற்பட்ட பண்டங்களுடன் புதிய பட்டியல் ஒன்று தோன்றியது. திங்கள்தோறும் பத்துப் பண்டங்கள் நீங்கிப் பத்துப் பண்டங்கள் புகும் என்பது ஏற்பாடு.

முதல் திங்களில் கூட்டம் மிகுந்தது. இதனை மறைத்தல் நேர்மையாகாது. இரண்டாம் திங்களிலேயே இடர் தலைப்பட்டது. ஒவ்வொரு புதிய பண்டத்துக்கும் சிறிதளவேனும் சரக்கு வாங்கி வைத்தல் வேண்டும். அது எத்துணை விற்கும் என்பதை ஒருவரும் அறியார். பழைய பண்டமாயின், திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறையாதலின் அன்று அயலூரார் வரார், இத்தனைபடி அரிசி குறைத்துப் போடுக என்று தந்தையார் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். புதிய பண்டத்துக்கு அத்தகைய கணக்கு அமைய ஓராண்டேனும் செல்லும். அதற்குள் அப்பண்டமே பட்டியலினின்றும் நீங்கிவிடும். எஞ்சிய சரக்கை எறிதல் வேண்டும். அன்றேல் மறுநாள் இடுதல் வேண்டும். எறிந்தால் நட்டம், இட்டால் பழி. கடைக்காரனைப் பொய்யனாக்குவது பேராசை ஒன்றே அன்று. அளவு தெரியாத பட்டியலும் அவனைப் பொய்யனாக்கும் என்பதை யான் அப்பொழுது உணர்ந்தேன்.

அடுத்தபடியாக, சமைக்கும் கை. எங்கள் கடையில் புட்டு அவிக்கும் அம்மையார் மாவை ஒருமுறை பிடித்துப் பார்த்தே நீர் போதுமா போதாதா என்று சொல்வார். அப்பதம் ஒரு நாளில் வந்ததன்று. அவரை நோக்கி, இத்திங்கள் இது, அடுத்த திங்கள் அது என்றால், அவர் எதனில் தேர்ச்சி பெறுவார்? திங்கள்தோறும் பாடநூலை மாற்றினால் மாணாக்கன் நிலை யாதாகும்? பண்டம் நாற்பதாயிற்று, ஆனால் ஊரார் புகழ்ந்த புட்டு அந்நாற்பதில் ஒன்றாகத் தாழ்ந்தது.

மூன்றாவதாக நிகழ்ந்ததே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. இளமையிற் பனையேறிப் பிழைத்து, மூப்பினால் அத்தொழிலை விட்ட முதியவர் ஒருவர் நாள்தோறும் மாலையில் எங்கள் கடைக்கு வருவார். ஒரு கிண்ணம் கஞ்சியும் காணத் துவையலும் அவர் உணவு. அவர் பட்டியலைப் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. கஞ்சியில் வருவாய் இல்லை என்று புதிய பட்டியலில் அது விடப்பட்டது. அன்று மாலை அவர் வந்து வழக்கமான இடத்தில் அமர்ந்தார். "பாட்டா, இப்போது கஞ்சி இல்லை, வேறு என்ன வேண்டும்?" என்று என் தமையனார் அன்புடனேயே கேட்டார்; விலை வேண்டாம் என்றும் சொன்னார். முதியவர் மேசைமேல் ஒட்டியிருந்த சதுரக் குறியைச் சிறிதுநேரம் நோக்கினார். பின்பு துண்டைத் தோளில் இட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை, அதன்பின்னும் வரவில்லை.

விலை கொடுத்து உண்ட கஞ்சிக்கும், விலையின்றி இரங்கிக் கொடுக்கும் உணவுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று அறிந்தேன். கஞ்சி பட்டியலில் இருந்தவரை அவர் வாடிக்கையாளர். நீங்கியவுடன் அவர் இரவலர். ஒரு வரியை அழித்ததனால் ஒரு மனிதரின் நிலை மாறிற்று. பட்டியல் என்பது விலைக்குறிப்பு மட்டுமன்று. இன்னார் இங்கே வரலாம் என்னும் அழைப்புமாம் என்பது என் கருத்து. 2013-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு ரூபாய்க்கு இட்டிலி, நண்பகலில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார்ச் சோறு, மூன்று ரூபாய்க்குத் தயிர்ச்சோறு என்னும் சிறு பட்டியலுடன் அவை தோன்றின. மூட்டை சுமப்போனும் தெருக் கூட்டுவோளும் கையிலுள்ள காசை எண்ணிக்கொண்டு ஐயமின்றி உள்ளே நுழைந்ததற்கு, இன்னது இன்ன விலைக்குக் கிடைக்கும் என்ற உறுதியே காரணம். வறியவனுக்கு மாறாமையே ஒரு மதிப்பு.

அங்ஙனமாயின் தந்தையார் கொள்கையே சரி என்று முடித்துவிடலாமோ? அதுவும் இயலாது. மாறாத பலகை என்று அவர் போற்றிய பட்டியலே ஒருகாலத்தில் மாறி அமைந்ததன்றோ? அதில் உள்ள மரச்சீனிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். அது நம் நாட்டுப் பயிரன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனைப் பயிரிட மக்களை ஊக்கினார். இரண்டாம் உலகப்போரில், 1942-ஆம் ஆண்டு சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்பொழுது திருவிதாங்கூர் மக்கள் பலருடைய உயிரைக் காத்தது இக்கிழங்கே. பஞ்சத்தில் வேறு வழியின்றி உண்ட கிழங்கு, இன்று மீன் குழம்புடன் விரும்பிக் கேட்டு உண்ணும் பண்டமாயிற்று. அதனைப் பலகையில் முதன்முதல் எழுதிய கடைக்காரனை அக்காலத்து முதியோர் கடிந்திருக்கவும் கூடும். ஆகவே, இன்று தொன்மை என்று நாம் போற்றுவதும் ஒருநாட் புதுமையே. கதவை முற்றும் அடைத்துவிட்டால் அடுத்த மரச்சீனி உள்ளே வருவது எவ்வாறு?

எனவே வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டல் வேண்டும். பட்டியலை எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பதனால்தான் இவ்வழக்கு தீராது நிற்கின்றது. பட்டியலின் எப்பகுதியை எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் வழி பிறக்கும். ஒரு மரத்துக்கு வேரும் உண்டு, கிளையும் உண்டு, தளிரும் உண்டு. வேரை ஆண்டுதோறும் பிடுங்கி நடுவாரும் இல்லை. பழுத்த இலை உதிராது காப்பாரும் இல்லை.

வேர் என்று யான் கூறுவது, ஒரு கடை எதனால் அறியப்படுகின்றதோ அதனையும், வறியவர் எதனை நம்பி வருகின்றனரோ அதனையும் ஆகும். எங்கள் கடைக்கு அவை புட்டும், சம்பாச் சோறும், கஞ்சியும். இவற்றை மாற்றலாகாது. மாற்றியே தீரவேண்டிய நிலை வருமாயின், பல நாள் முன்னதாக உண்போர்க்கு அறிவித்து, அவர்கள் சொல்வதையும் கேட்டபின் செய்தல் வேண்டும்.

கிளை என்பது பெரும்பொழுதை ஒட்டி மாறுவது. நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். உணவை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தனர். உணவுக்குப் பொழுதும் நிலமும் உண்டு என்பது தமிழர்க்குப் புதிய பாடமன்று. நாஞ்சில் நாட்டு வயலோ நமக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்றைத் தந்துள்ளது. கன்னி மாதத்தை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதத்தை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. ஆண்டுக்கு இருமுறை களம் நிறைகின்றது. அவ்விருமுறையே உண்டிச்சாலைக்காரனும் தன் பட்டியலை முழுதும் எடுத்துவைத்து, எது விற்றது, எது எஞ்சியது, எது பருவத்துக்கு ஒவ்வாது என்று ஆராய்ந்து, இரண்டொன்றை நீக்கி இரண்டொன்றைச் சேர்த்தல் தகும் என்பேன். திங்கள்தோறும் மாற்றினால் கணக்கு அமையாது. பத்தாண்டு மாற்றாது விட்டால் கண் மங்கும்.

தளிர் என்பது நாள்தோறும் மாறுவது. துணைக்கறியும், அன்றைய மீனும், பிற்பகற் சிற்றுண்டியும் இதில் அடங்கும். இதனை மாற்றச் சமையற்காரன் மூளையைக் கசக்கவேண்டுவதில்லை. சந்தைக்குச் சென்றாலே போதும். பங்குனி முதல் ஆனி வரை சக்கை மலிந்து கிடக்கும். அப்பொழுது சக்கை எரிசேரி இடலாம். பனையிற் பதநீர் இறங்கும் காலத்தில் தேநீருக்குப் பக்கத்தில் பதநீரும் இருக்கலாம். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தை உணவுக்குப்பின் வைக்கும் கடைகள் எத்தனை? மீனின் செய்தியும் அதுவே. நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் சூன் முதல் நாள் தொடங்கிச் சூலை இறுதிவரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீன் இனம் பெருகுதற்காக அரசு விதித்த தடை அது. அவ்விரு திங்களும் பெரிய மீன் குறைந்து விலை ஏறும். அக்காலத்தில் ஆண்டு முழுவதும் எழுதியிருக்கும் மீனையே எவ்வாறேனும் இடுவேன் என்பவன், நெடுநாள் பனிக்கட்டியிற் கிடந்ததைத்தான் இடுவான். நாட்டு வள்ளத்தில் அன்று வந்த சாளையோ நெத்திலியோ எதுவாயினும் அதனைக் கரும்பலகையிற் சுண்ணக்கட்டியால் எழுதுபவனே நேர்மையாளன். இவ்விடத்தில் மாறாமை பொய்யாகின்றது, மாற்றமே மெய்யாகின்றது.

இதற்கு ஒரு வரையறையும் வேண்டும். புதிய பண்டம் ஒன்றைச் சேர்ப்பதாயின், அது அடுக்களையில் முன்னரே உள்ள சரக்கினால் ஆவதாகவேனும், பருவத்தில் மலிந்த பொருளால் ஆவதாகவேனும் இருத்தல் வேண்டும். அந்த ஒரு பண்டத்துக்காகவே தனிச் சரக்கு வாங்கி அடுக்குவது, முன்னர்க் கூறிய நட்டத்துக்கும் பழிக்கும் வழியாகும்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். அரண்மனை காண வரும் அயலூரார்க்கு எரிசேரியும் காணத் துவையலும் எற்றுக்கு? அவர்கள் எங்கும் கிடைக்கும் பரோட்டாவையும் பிரியாணியையும் அன்றோ கேட்கின்றனர்? ஆம், கேட்கின்றனர், அவற்றை வைத்திருப்பதிற் குற்றம் இல்லை. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். வாழ்நாளில் ஒருமுறை வருவோனுக்கு உங்கள் பட்டியல் பழையதாயினும் புதியதே. சென்ற திங்கள் என்ன இருந்தது என்பதை அவன் அறியான். அவனுக்காகத் திங்கள்தோறும் பட்டியலை மாற்றுவது இருட்டில் கண்ணடிப்பதை ஒக்கும். மாற்றத்தை அறிபவன் நாள்தோறும் வருபவனே. மாற்றத்தால் இன்புறுபவனும் துன்புறுபவனும் அவனே. ஆகையால், உண்போன் எத்துணைக்கு ஒருமுறை வருகின்றானோ அத்துணைக்கு ஒருமுறை அவன் இலையில் ஏதேனும் ஒன்று மாறுதல் வேண்டும் என்பதே யான் கண்ட விதி. நாள்தோறும் வருவோனுக்கு நாள்தோறும் ஒரு துணைக்கறி மாறுக. திருவிழாவுக்கு மட்டும் வருவோனுக்குச் சென்ற ஆண்டு உண்டது இவ்வாண்டும் இருந்தாற் போதும். அதனை எண்ணியே அவன் வருகின்றான்.

இவ்விதியை விடுதியில் வாழும் என் நண்பர்கள் உடனே ஒப்புக்கொள்வர் என்று நம்புகின்றேன். எவ்விடத்து விடுதியிலும் மாணவர் முணுமுணுப்பது உணவு கெட்டது என்பதனால் அன்று. செவ்வாய்க்கிழமை என்றவுடன் குழம்பின் பெயர் நினைவுக்கு வந்துவிடுகின்றது என்பதனாலேயே. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தொடங்கிய பள்ளிக் காலைச் சிற்றுண்டித் திட்டத்திலும், ஒரே பண்டத்தை நாள்தோறும் இடாமல், உப்புமா, கிச்சடி, பொங்கல் எனக் கிழமைக்கு ஏற்ப மாற்றி இடும் முறை வகுக்கப்பட்டது. குழந்தைகளுக்கு அதுவே ஏற்றது. வரப்போவதை அறிந்து மகிழும் பருவம் அது. இளைஞர்க்கோ கிழமை முறையோடு சிறிது எதிர்பாராமையும் வேண்டும். முறையைக் குலைக்க வேண்டுவதில்லை. கிழமைக்கு ஒருநாளை மட்டும் சந்தைக்கு ஒப்படைத்து, அன்று மலிந்த காய் எதுவோ அதனைச் சமைத்தால், செலவும் சுருங்கும், முணுமுணுப்பும் அடங்கும். இதனை எங்கும் செய்து பார்க்கலாம்.

என் இல்லத்து வழக்கு இப்பொழுது ஒருவாறு தீர்ந்துள்ளது. மரப்பலகை மறுபடியும் சுவருக்கு வந்துவிட்டது. அதனருகே கரும்பலகை ஒன்றை என் தமையனார் தொங்கவிட்டிருக்கின்றார். நாள்தோறும் காலையில் சந்தையினின்று மீண்டு அதில் மூன்று வரிக்கு மேற்படாமல் எழுதுகின்றார். முதலில் அதனைப் பாராதவர்போல் இருந்த தந்தையார், இப்பொழுது காலையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கின்றார். சக்கை எரிசேரி எழுதிய நாளில், அயலூரிலிருந்து அரண்மனை காண வந்த ஒரு குடும்பத்தார் அஃது என்ன என்று கேட்டு வாங்கி உண்டு, பாத்திரத்திலும் சிறிது பெற்றுச் சென்றனர். நட்டம் முழுவதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். எறிவது குறைந்தது என்று சொல்லுவேன்.

கஞ்சி மீண்டும் பட்டியலில் ஏறியுள்ளது. அதனைச் சொல்லுதற்கு முதியவர் வாழும் ஊருக்குத் தந்தையாரே சென்றார். அவர் மகளிடம் வேற்றூருக்குப் போய்விட்டார் என்றனர். மாலையில் கஞ்சி இறக்கியவுடன் தந்தையார் வாயிலை ஒருமுறை நோக்குவதை யான் விடுமுறைதோறும் காண்கின்றேன்.

அன்பர்களே! பட்டியலை மாற்றுவோர் மாற்றுக, மாற்றாதோர் மாற்றாதிருக்க. ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். ஒரு வரியை எழுதுமுன், இதனால் எவர் உள்ளே வருவர் என்று எண்ணுவது வணிகம். ஒரு வரியை அழிக்குமுன், இதனால் எவர் வெளியே போவர் என்று எண்ணுவது அறம். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுவோன் கடையில், எத்துணைக்கு ஒருமுறை மாற்றுவது என்னும் வினாவுக்கு வயலும் கடலும் சந்தையும் விடை சொல்லும்.